பனிக்குள் என்ன பார்ப்பது?

வணக்கம் ஐயா,

போன மாதம் பிள்ளைகளோடு மலைநாட்டில் இருக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம். இரவு பன்னிரண்டுக்கே வெள்ளவத்தையில் வேன் ஏறி, விடியப் போய்ச் சேர்ந்து, உலக முடிவு என்று சொல்லும் அந்த மலை விளிம்பு வரைக்கும் நடந்தால் அங்கே ஒரே வெள்ளைப் பனி. வழியெல்லாம் வளைந்த குட்டை மரங்கள், வாகனம் நிறுத்துமிடத்தில் ஒரு மரை மான், அவ்வளவுதான். வாசலில் தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரித்து எடுத்துவிட்டார்கள். அந்தக் காட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

வணக்கம் சகோதரி,

இரவிரவாகப் போய் வெறும் பனியைப் பார்த்துவிட்டு வந்தால் யாருக்கும் மனம் சோர்ந்துதான் போகும். ஆனால் அந்தக் காடு உயிரோடு இருப்பதே அந்தப் பனியால்தான். 2,100 மீட்டர் உயரத்தில் முகில் நேராக மரங்களுக்குள் புகுந்து போகிறது. கிளைகளில் மெத்தை மாதிரிப் படர்ந்திருக்கும் பாசி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் மழையே இல்லாத காலையிலும் மரத்தடியில் நின்றால் தலையில் சொட்டும். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைநீர் அந்தப் பக்கத்து மலைகளில்தான். களனித் தண்ணீரை அம்பத்தளையில் சுத்திகரித்துத்தான் கொழும்புக்கு அனுப்புகிறார்கள், உங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் அநேகமாக அதுதான். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

சரி, அந்தக் குட்டை மரங்கள். குடை விரித்த மாதிரித் தலை தட்டையாக நிற்பவற்றில் பல, சிங்களத்தில் கீன என்று சொல்லும் மரம். காற்றும் குளிரும் அதை உயர விடுவதில்லை. அடுத்த முறை கீழே விழுந்து கிடக்கும் ஓர் இலையை எடுத்து விரலால் மடித்துப் பாருங்கள், சின்னதாக, தோல் மாதிரித் தடிப்பாக இருக்கும். இந்த மரங்கள்தான் சில பத்தாண்டுகளாக நின்ற இடத்திலேயே பட்டுப் போகின்றன. வெள்ளை வெள்ளையாக நிற்கும் அந்த எலும்புக்கூடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப் போகிறது.

அதே மரங்களின் பாசியில்தான் கொம்பு ஓணான் இருக்கும். மூக்கு நுனியில் ஒரு வெள்ளைக் கொம்போடு, பாசியின் நிறத்திலேயே, அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அது இலங்கையின் மத்திய மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. நான் முதன்முதலாகப் பார்த்தபோது என் கையிலிருந்து ஒரு சாண் தூரம்தான், அதுவரை பத்து நிமிடமாக அதன் பக்கத்திலேயே நின்று கதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரவானால் தேவாங்கும் வெளியே வரும். அந்த மலைத் தேவாங்கு அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்து, 2009இல்தான் அதை முதன்முதலாகப் படம் பிடித்தார்கள்.

நீங்கள் பார்த்த மரை வாகனங்களுக்குப் பக்கத்தில் நிற்பது, ஆட்கள் பிஸ்கட்டும் பாணும் கொடுத்துப் பழக்கிவிட்டதால். சாப்பாட்டு வாசனைக்குப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடும், அப்புறம் அது வயிற்றிலேயே கிடக்கும். லேபிளை உரிக்கிறார்களே என்று கோபப்படாதீர்கள், அவர்கள் செய்வது முழுக்கச் சரி.

இன்னொன்று. கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் மலைமலையாகக் காட்டை வெட்டிய காலத்தில் இது மட்டும் எப்படித் தப்பியது? 1873இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொட வேண்டாம் என்று அரசாங்கத்துக்கு ஆலோசனை சொன்னார். அதைக் கேட்டு நடந்ததால்தான் இன்று நீங்களும் நானும் நடக்க ஒரு காடு மிஞ்சியிருக்கிறது.

உலக முடிவுக் காட்சிதான் வேண்டும் என்றால் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் போங்கள், வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஆனால் போகிற வழியில் ஏதாவது ஒரு பாசி படர்ந்த மரத்தடியில் பிள்ளைகளைக் கால் மணி நேரம் சத்தம் போடாமல் நிற்க வையுங்கள். ஓணானைக் கண்டால் எழுதுங்கள். கொம்பு பெரிதாக இருந்தால் ஆண்.