சிந்தனைக் குழாம்களை நம்பலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மதமும் அரசியலும் குறித்த அமெரிக்க விவாதங்களில் வாஷிங்டன் சிந்தனைக் குழாம்களின் (அரசின் கொள்கைகளை ஆராயும் 'திங்க் டேங்க்' அமைப்புகளின்) அறிஞர்களே திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படுகிறார்கள். நன்கொடையில் நடக்கும் அமைப்புகள் இவை. இவர்கள் எழுதுவதை ஆய்வு என்று ஏற்கலாமா, அல்லது கட்சிப் பிரசாரம் என்று ஒதுக்கிவிடலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒதுக்க வேண்டாம். ஆனால் உங்கள் சந்தேகத்துக்கு முகாந்திரம் உண்டு. 1976இல் எதிக்ஸ் அண்ட் பப்ளிக் பாலிசி சென்டர் என்னும் சிந்தனைக் குழாமைத் தொடங்கிய எர்னஸ்ட் லெஃபீவரை, 1981இல் மனித உரிமைகளுக்கான வெளியுறவுத் துறைப் பதவிக்கு அதிபர் ரீகன் முன்மொழிந்தார். அந்த மையம் நெஸ்லேயிடம் நன்கொடை வாங்கியதும், நெஸ்லேயின் குழந்தைப் பால்மாவுக்கு எதிரான இயக்கத்தைச் சாடும் கட்டுரையைப் பரப்பியதும் அப்போது பெரும் சர்ச்சையாயின. செனட் குழு 13–4 என்று அவரை நிராகரித்தது.

அதே மையத்தில்தான் மைக்கேல் குரோமார்ட்டி பத்திரிகையாளர்களையும் சமய அறிஞர்களையும் ஆண்டுதோறும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைத்தார். மதத்தைப் பற்றி அரைகுறையாக எழுதிவந்த பத்திரிகை உலகுக்கு அது உண்மையான தொண்டு.

பணம் யாருடையது என்பதைவிட எனக்கு முக்கியமான கேள்வி வேறு. அறிஞரின் நம்பிக்கை எப்போதாவது அவரை அவருடைய அரசியல் தரப்புக்கு எதிராக நிறுத்துகிறதா? அதே மையத்தின் அறிஞரான ஜார்ஜ் வைகலைப் பாருங்கள். போப் இரண்டாம் ஜான் பாலின் வாழ்க்கை வரலாற்றை 1999இல் விரிவாக எழுதியவர். இராக் போர் நெருங்கிய 2003 ஜனவரியில் அந்தப் போப், போர் எப்போதுமே மானுடத்தின் தோல்வி என்றார். அதே மாதம் வைகல், நியாயமான போர் (எந்த நிபந்தனைகளில் போர் அறமாகும் என்று வரையறுப்பது) என்னும் கத்தோலிக்க மரபைக் கொண்டே புஷ் அரசின் பக்கம் வாதிட்டார். எப்போது போர் தொடுப்பது என்று தீர்மானிக்கும் தனிவரம், அதாவது கடவுள் அருளும் சிறப்புத் திறன், ஆட்சியாளர்களுக்கே உரியது, சமயத் தலைவர்களுக்கு அல்ல என்பது அவர் வாதம். கோட்பாடு வேறு, நடைமுறை முடிவு வேறு என்ற பாகுபாடு திருச்சபையில் பழையதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் படையும் உளவுத்துறையும் கையில் உள்ள அரசுக்கு ஆன்மிகச் சலுகையும் கொடுத்துவிட்டால், அதைக் கேள்வி கேட்க மதத்துக்கு என்ன இடம் மிஞ்சும்? இந்த இடத்தில் அவர் கூற்றை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைமைப் பதவியான கேன்டர்பரி பேராயராக இருந்த ரோவன் வில்லியம்ஸ் இதே புள்ளியைத்தான் பிடித்தார். அப்படியொரு வரம் ஆட்சியாளருக்கு உண்டு என்பதையே அவர் மறுத்தார். வைகல் அவருக்குப் பொதுவெளியில் பதிலும் எழுதினார். நீங்கள் முதலில் படிக்க வேண்டியது அந்த விவாதத்தை. இருவரையும் சேர்த்துப் படியுங்கள். வைகலை மட்டும் படித்து நிறுத்திவிடாதீர்கள்.