தட்டும்போது அமுங்கும் லப்டொப் கீபோர்ட்

கேள்வி: எனது பழைய லப்டொப்பின் கீபோர்ட் நடுவில் அமுங்குகிறது, ஸ்பேஸ் பார் சலசலக்கிறது. வீட்டிலேயே திருத்தலாமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: கீபோர்ட் திருகாணிகளால் பூட்டப்பட்டிருந்தால் திருத்தலாம். புதிய மெல்லிய ரகங்கள் பலவற்றில் பிளாஸ்டிக் குமிழ்களை உருக்கிப் பிடித்திருப்பார்கள்; அவற்றைக் கழற்றாதீர்கள். கீபோர்ட் மேல்நோக்கிப் புடைத்திருந்தால் பற்றறி வீங்கியிருக்கலாம், பாவிப்பதை உடனே நிறுத்துங்கள்.

அமுங்குவதற்குக் காரணம், விசைகளின் அடியிலுள்ள மெல்லிய தகட்டுக்கு நடுவில் தாங்கல் இல்லாமை. லப்டொப்பை நிறுத்தி, சார்ஜரையும் பற்றறி இணைப்பையும் கழற்றுங்கள். கீபோர்ட்டைச் சற்றே உயர்த்தி, அதை லப்டொப்புடன் இணைக்கும் தட்டையான ரிபன் கேபிளின் பூட்டைத் திறந்த பிறகே வெளியே எடுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் கேபிள் கிழியும், பிறகு முழுக் கீபோர்ட்டும் வீண். தகட்டின் பின்புறம் அமுங்கும் இடத்தில் துணி டேப் ஓர் அடுக்கு ஒட்டி, பூட்டித் தட்டிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னோர் அடுக்கு. ஒரேயடியாகத் தடிப்பாக்கினால் நடுப்பகுதி மேலெழும்பி, திருகாணிகள் சரியாக இறங்காது. தகட்டிலுள்ள துளைகளை மூட வேண்டாம். அலுமினிய டேப் மின் கடத்தும், அதைத் தொடவே வேண்டாம்.

ஸ்பேஸ் பாரின் அடியில் ஒரு கம்பி உண்டு. அதன் இரு முனைகளிலும் பல்குச்சி நுனியளவு சிலிக்கோன் கிரீஸ் போதும். தையல் மெஷின் எண்ணெய், விசைகளின் அடியிலுள்ள ரப்பர் குமிழ்களுக்குள் இறங்கிக் கெடுத்துவிடும்.

ரப்பர் குமிழ்களே தேய்ந்திருந்தால் டேப் உதவாது. புதிய கீபோர்ட்தான் வழி. கணினிக் கடைகள் உள்ள பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தேடும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், பின்புறமுள்ள பாக இலக்கத்தையும் ரிபன் கேபிளின் நீளத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.