அலகைப் பாருங்கள், அப்புறம் வரிசையை

கேள்வி: லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் சிபியுவின் வேகத்தை மாற்றும் டிரைவர் ஒன்றை ரிவ்யூ செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இது முதல் முறை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நான் முதலில் எண்களின் அலகைத்தான் பார்ப்பேன். சிபியுவின் வேகத்தைக் கவனிக்கும் கெர்னலின் சிபியுஃப்ரீக் (cpufreq) பகுதி அந்த வேகத்தை, அதாவது அதிர்வெண்ணை, கிலோஹெர்ட்ஸில் வைத்திருக்கிறது. சிப்புக்குத் துடிப்பு தரும் கடிகாரங்களைக் கவனிக்கும் பகுதியோ ஹெர்ட்ஸில் தருகிறது. நடுவில் 1000-ஆல் வகுக்க மறந்தாலும் கம்பைலர் வாயே திறக்காது. நேரமும் அப்படித்தான்: வேகம் மாற ஆகும் தாமதம் நானோ வினாடியில், சும்மா இருக்கும் சிபியுவை உறங்கவைக்கும் சிபியுஐடில் (cpuidle) பகுதியில் உறக்கத்திலிருந்து எழும் தாமதம் மைக்ரோ வினாடியில்.

அப்புறம் வரிசை. வேகத்தைக் கூட்டும்போது மின்னழுத்தம் முதலில் ஏற வேண்டும். குறைக்கும்போது வேகம் முதலில் இறங்க வேண்டும். இது தலைகீழானால் சிப் போதாத மின்னழுத்தத்தில் ஓடித் தவறான விடை தரலாம், அப்படியே உறைந்தும் போகலாம். நேர்வழியை எழுதியவரே சோதித்திருப்பார். பாதியில் பிழை வந்தால் பழைய நிலைக்குத் திரும்பும் வரிகள்தான் பெரும்பாலும் ஓட்டிப் பார்க்கப்படாதவை. நான் அதிக நேரம் உட்காருவது அங்கேதான். மின்னழுத்தம் ஏறிவிட்டது, கடிகாரம் மாறவில்லை. இப்போது டிரைவர் என்ன செய்கிறது? காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.

வேகத்தை உடனடியாக மாற்றும் ஃபாஸ்ட் ஸ்விட்ச் வசதி டிரைவரில் இருந்தால், அது எந்த வேலை எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலருக்குள்ளிருந்தே அழைக்கப்படும். அங்கே கோட் எதற்காகவும் காத்துத் தூங்கக் கூடாது. அந்தப் பாதையில் மியூடெக்ஸை, அதாவது கிடைக்கும்வரை தூங்கவைக்கக்கூடிய பூட்டை, கண்டால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

‘மின்சாரம் மிச்சமாகிறது’ என்று பேட்ச்சின், அதாவது உங்களுக்கு வந்த கோட் மாற்றத்தின், விளக்கத்தில் எழுதியிருக்கிறதா? சரி, எந்தப் போர்டில், எந்த வேலையை ஓட்டி, எத்தனை மில்லிவாட் என்று கேளுங்கள். புதியவர் என்பதற்காக அந்தக் கேள்வியை விழுங்கிவிடாதீர்கள்.