ஞாயிறு சந்தையில் வாங்கிய பழைய கிட்டாரை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? என்னென்ன கருவிகள் வேண்டும்?

தாராளமாக முடியும். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கியது, கம்பி உயரமாக நிற்கிறது, கம்பியை முறுக்கும் சாவி திரும்பவில்லை, ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கறுத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடலோர ஊரில் கிடந்த அக்கூஸ்டிக் கிட்டாருக்கு இதெல்லாம் வழக்கமான சீக்குதான்.

ஆன்லைனில் பெட்டியோடு விற்கும் ரிப்பேர் கிட்டை வாங்கிவிடாதீர்கள், பாதிக்கு மேல் சும்மா கிடக்கும். ஆலன் கீ செட், அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், உப்புத்தாள், மாஸ்கிங் டேப், 0000 நம்பர் ஸ்டீல் வுல் (மிக மெல்லிய இரும்பு நார்) போதும். அப்புறம் ஒரு ஃபீலர் கேஜ், அதாவது சின்ன இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள். அதை மியூசிக் கடையில் தேடாதீர்கள். டேப்பெட் இடைவெளி பார்க்க பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே வைத்திருப்பார்கள்.

கம்பி உயரமாக இருந்தால் எல்லோரும் நேராக சேடிலை, அதாவது பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டையை, தேய்க்கப் போவார்கள். அது கடைசி வேலை. முதலில் பிரிட்ஜின் (கம்பிகளின் அடிமுனையைப் பிடித்தபடி உடலில் ஒட்டியிருக்கும் மரக்கட்டை) பின்விளிம்பில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது, உடனே கம்பியைத் தளர்த்துங்கள். ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். அந்த இடுக்கில் ஃபெவிக்விக் ஊற்றுவதைப் போல ஒரு பாவம் கிடையாது. பிறகு யார் கழற்றினாலும் மரநாரோடு பிய்ந்து வரும். பிரிட்ஜை முழுதாக எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, டைட்பாண்ட் ஒரிஜினல் என்ற மரப்பசையைத் தடவி, க்ளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். சாதா வெள்ளைப் பசை வேண்டாம், நம்மூர் வெயிலில் இளகி நகர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரம் ஊறியிருக்கும்போதும் ஒட்டாதீர்கள்.

பிரிட்ஜ் உறுதியாக இருந்தால் அடுத்து நெக், அதாவது கழுத்து. ஆறாம் கம்பியை (எல்லாவற்றிலும் தடித்தது) 1ஆம் ஃப்ரெட்டிலும் 14ஆம் ஃப்ரெட்டிலும் சேர்த்து அழுத்திக்கொண்டு, 7ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஃபீலர் கேஜை விடுங்கள். 0.2 முதல் 0.25 மி.மீ. தகடு உரசியும் உரசாமலும் போக வேண்டும். இடைவெளி கூடுதல் என்றால் நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடை ஆலன் கீயால் கடிகாரச் சுற்றில் கால் சுற்று திருப்புங்கள். ட்யூன் செய்து மறுபடி அளங்கள். முறுக்க பலம் தேவைப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். மலிவான பழைய கிட்டார் பலவற்றில் திருகும் ராடே இருக்காது, அப்படியென்றால் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம்.

இனி சேடில். 12ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பி 2.5 மி.மீ., மெல்லியது 2 மி.மீ. அளவில் நின்றால் விரலுக்கு இதம். அங்கே அரை மி.மீ. இறங்க வேண்டுமென்றால் சேடிலில் ஒரு மி.மீ. தேய்க்க வேண்டும், 12ஆம் ஃப்ரெட் கம்பியின் நட்டநடுவில் இருப்பதால். அடிப்பக்கத்தில் பென்சில் கோடு போட்டு, கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டிய உப்புத்தாளில் செங்குத்தாகப் பிடித்துத் தேயுங்கள். சாய்ந்து தேய்ந்தால் சில கம்பிகளின் ஒலி மங்கிப்போகும். அதிகம் தேய்த்துவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை, புது சேடில் விலை குறைவுதான்.

சாவிக்குத் தையல் மெஷின் எண்ணெய், பல்சக்கரத்தில் மட்டும் ஒரு சொட்டு. ஃப்ரெட்டுகள் பெரும்பாலும் நிக்கல் சில்வர், துரு பிடிக்காது. மரத்தை டேப்பால் மூடிவிட்டு ஸ்டீல் வுல்லால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்.

சரியான பிறகு பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருப்பது மரத்துக்கு நல்லது. வைத்திக்குப்பம் பக்கம் கடலைப் பார்த்த வீடென்றால் சுவரில் மாட்டவே மாட்டாதீர்கள்.

ஒன்று மட்டும், இதற்கெல்லாம் முன்னால் ஒலித்துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கரையான் தடம் தெரிந்தாலோ, நெக் முறுக்கிக்கொண்டிருந்தாலோ அதற்கு மேல் பணம் போட வேண்டாம். சாவிகளையும் பிரிட்ஜ் பின்களையும் கழற்றி வையுங்கள், அடுத்த கிட்டாருக்கு ஆகும்.