கொள்கையால் பிளவுபட்ட குடும்பங்களைக் காட்டும் அரசியல் திரில்லர்கள் ஏன் நம்மை இவ்வளவு உலுக்குகின்றன?

எதிரி வெளியே இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். நம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவரே எதிரி என்றால் எங்கே போவது? இந்த வகைப் படங்களின் பயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஈரானிய இயக்குநர் முகமது ரசூலோஃப் ரகசியமாகப் படமாக்கிய 'த சீட் ஆஃப் த சேக்ரட் ஃபிக்' (2024) இதற்கு மிகச் சிறந்த உதாரணம். தெஹ்ரானில் அப்பா விசாரணை நீதிபதியாகப் பதவி உயர்வு பெறுகிறார். பாதுகாப்புக்கென்று ஒரு துப்பாக்கியும் கிடைக்கிறது. மகள்களோ கட்டாய ஹிஜாபுக்கும் அரசுக்கும் எதிராக வெடித்த 2022 போராட்டங்களைச் செல்போனில் பார்த்துக் கொதிக்கிறார்கள். ஒருநாள் துப்பாக்கி காணாமல் போகிறது. அதன்பின் அவர் மனைவியையும் மகள்களையும் கைதிகளைப் போலவே நடத்தத் தொடங்குகிறார். அரசு மக்களை நடத்தும் விதம் அப்படியே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட அம்மாதான் என்னை மிகவும் பாதித்த பாத்திரம்.

அர்ஜென்டினாவின் 'தி அஃபிஷியல் ஸ்டோரி' (1985) இன்னும் அடங்கிய குரலில் பேசும் படம். தத்தெடுத்த மகள், ராணுவ ஆட்சியில் காணாமல் போனவர்களின் குழந்தையோ என்று சந்தேகிக்கும் வரலாற்று ஆசிரியை. ஆட்சியாளர்களோடு நெருக்கமான கணவன். துரத்தல் காட்சிகளே இல்லை, ஆனாலும் நெஞ்சு படபடக்கும். முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.