பந்தைத் தொடாத ஜோ தாமஸுக்கு ஏன் இத்தனை மரியாதை?

அமெரிக்காவின் கிளீவ்லாந்துக்கு வந்து, அந்த ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான பிரவுன்ஸின் ஆட்டம் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன், பந்தையே தொடாத ஜோ தாமஸை எதை வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான குழப்பம்தான். தாமஸ் மாதிரி லைன்மேனுக்கு, அதாவது முன்வரிசையில் நின்று எதிரணியை மறிக்கிறவருக்கு, ஸ்கோர் கணக்கு கிடையாது.

ஒரே ஓர் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 10,363. 2007இல் ஆடிய முதல் ஆட்டத்திலிருந்து 2017 அக்டோபரில் ட்ரைசெப்ஸ் தசை கிழியும்வரை, அணியின் கையில் பந்து இருந்தபோது ஒரு ஸ்னாப்பைக்கூட (பந்தைப் பின்னால் தந்து ஆட்டத்தைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) அவர் விடவில்லை. தொடர்ச்சியாக அத்தனை ஸ்னாப். தினம் மல்யுத்தம் மாதிரியான வேலையில் இது சாதாரணமா! வலது கை குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) பந்தெறியத் திரும்பினால் இடப்பக்கம் முதுகுப்புறமாகிவிடும். அங்கே பாய்ந்து வருகிறவரை மறிப்பதுதான் தாமஸ் பார்த்த லெஃப்ட் டேக்கிள் வேலை. அவர் காலத்தில் பிரவுன்ஸில் குவாட்டர்பேக்குகள் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள், இவர் மட்டும் அசையவில்லை.

அவர் ஆடிய காலத்தில் அணி ஒருமுறைகூட பிளேஆஃபுக்கு, அதாவது சீசன் இறுதி நாக்-அவுட் சுற்றுக்கு, போகவில்லை, சரி. ஆனாலும் சிறந்த வீரர்களுக்கான புரோ பௌல் ஆட்டத்துக்கு 10 முறை தேர்வு, 2023இல் ஆட்டத்தின் மிக உயர்ந்த கௌரவமான ஹால் ஆஃப் ஃபேம்.

அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு லெஃப்ட் டேக்கிளின் கால்களை மட்டும் பாருங்கள். அப்புறம், ஓய்வுக்குப் பிறகான தாமஸின் படத்தையும் தேடிப் பாருங்கள். 300 பவுண்டுக்கு மேல் இருந்த மனிதர், அடையாளமே தெரியாது.