வீட்டில் ஒரு ஆட்டக் கம்பம், மனம் மட்டும் வரவில்லை – கடிதம்

அன்புள்ள அக்கா,

உடற்பயிற்சி பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். நீங்களும் போல் டான்ஸ் (செங்குத்தான உலோகக் கம்பத்தைப் பிடித்து ஏறி, சுழன்று ஆடுவது) ஆடுபவர் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள், அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். இரண்டு வருடம் வகுப்புக்குப் போனேன். கிளைம்ப் (கம்பத்தில் ஏறுவது) வரும், ஸ்பின்கள் (கம்பத்தைச் சுற்றிச் சுழல்வது) வரும், லெக் ஹேங் (காலை மாட்டித் தலைகீழாகத் தொங்குவது) வரை வந்துவிட்டேன். வேலை நேரம் மாறியதில் இப்போது மாதம் ஒருமுறை வகுப்புக்குப் போவதே பெரும்பாடு. அதனால் வீட்டிலேயே ஒரு போல், அதாவது அந்தக் கம்பம், வாங்கி மாட்டினேன். தினமும் ஒரு மணி நேரம் என்று திட்டம். முதல் வாரம் நன்றாகத்தான் போனது. இப்போது அதில் துண்டு காய்கிறது.

உடை மாற்றி, மேட் விரித்து, அதன் முன் போய் நின்றாலே மனம் சுருங்கிவிடுகிறது. ஒருமுறை ஏறுவேன், தொடை எரியும், இறங்கிவிடுவேன். வகுப்பில் சாதாரணமாக வந்ததெல்லாம் இங்கே வழுக்குகிறது. தலைகீழாகப் போகவேண்டும் என்று நினைத்து நினைத்து, போகாமலேயே, போனை எடுத்து மற்றவர்கள் ஆடும் வீடியோக்களைப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறேன். பார்த்து முடித்தால் இன்னும் சோர்வு. வகுப்பில் நான் இப்படி இல்லை. நான் அடிப்படையிலேயே சோம்பேறிதானா? போலை விற்றுவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

கால் முழுக்கக் கன்றிப்போன அடையாளங்களோடு இரண்டு வருடம் வகுப்புக்குப் போனவரை யாரும் சோம்பேறி என்று சொல்லமாட்டார்கள். அந்தக் கேள்வியை இங்கேயே விட்டுவிடுவோம். விற்பதைப் பற்றிக் கடைசியில் பேசலாம்.

"நினைத்து நினைத்து, போகாமலேயே" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முழுக் கடிதமும் அந்த வரியில்தான் இருக்கிறது. மனம் வரவில்லை என்று நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி பயம். அதுவும் நியாயமான பயம். வகுப்பில் இன்வர்ட் (கம்பத்தில் தலைகீழாகப் போவது) செய்யும்போது ஆசிரியர் பக்கத்திலேயே நிற்பார், முதுகுக்கு ஒரு கை தயாராக இருக்கும், ஏதாவது தவறினால் "கையை விடாதே, முதலில் காலைக் கொண்டு வா" என்று சொல்ல ஒரு குரல் இருக்கும். வீட்டில் மேட்டும் நீங்களும் மட்டும். இந்த வித்தியாசம் உங்கள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் முரண்டு பிடிக்கிறது. நீங்கள் அதைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

வீட்டு போலை வகுப்பின் நகலாக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது நடக்காது. இன்றைக்கு என்ன செய்வது என்று வகுப்பில் வேறு யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள், எப்போது நிறுத்துவது என்பதையும்தான். நடுவில் ஒன்று சரியாக வந்துவிட்டால் பத்துப் பேர் கத்துவார்கள். இது எதுவுமே இல்லாத ஓர் அறையில் நின்றுகொண்டு அதே பாடத்தைச் செய்தால் மனம் எப்படி வரும்? புதிதாகக் கற்பதை, குறிப்பாகத் தரையை விட்டு மேலே போய்த் தலைகீழாவதை, மாதம் ஒருமுறை போகும் அந்த வகுப்புக்கே விட்டுவிடுங்கள். வீட்டில் ஏற்கெனவே வருவதை மட்டும் ஆடுங்கள். வருவதையே எத்தனை தடவை செய்வது, சலிக்காதா என்று கேட்பீர்கள். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் அந்த வழுக்கல். இதை நீங்கள் உங்கள் பலவீனமாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பாதி குற்றம் கம்பத்துடையதாக இருக்கலாம். வகுப்புகளில் பெரும்பாலும் 45 மி.மீ. விட்டமுள்ள போல் இருக்கும். வீட்டுக்கு வாங்கும்போது பலர் கவனிக்காமல் 50 வாங்கிவிடுவார்கள். 5 மி.மீ. தானே என்று தோன்றும், ஆனால் விரல்கள் சுற்றி வந்து கட்டைவிரலைத் தொடுவதற்குள் அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். சிறிய கைக்கு இன்னும் அதிகம். அப்புறம் மேற்பூச்சு. பித்தளை நன்றாகப் பிடிக்கும், குரோம் நடுத்தரம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொஞ்சம் வழுக்கும். வகுப்பில் பித்தளையில் பழகிவிட்டு வீட்டில் ஸ்டீலில் ஏறினால் எல்லாமே மறந்துவிட்டதுபோல்தான் இருக்கும். உங்களுடையது என்ன என்று பார்த்து வையுங்கள். மாற்றவேண்டும் என்று சொல்லவில்லை. "எனக்கு வரவில்லை" என்பது "இந்தக் கம்பத்தில் இன்னும் பழகவில்லை" என்று மாறினாலே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

இன்னொரு விஷயம், சூடு. வகுப்பில் உங்களுக்கு முன்னால் நாலு பேர் அந்தக் கம்பத்தைப் பிடித்துத் தேய்த்து ஏறியிருப்பார்கள், உலோகம் இதமாக இருக்கும். வீட்டில் அது சில்லென்று நிற்கிறது, உங்கள் தோலும் அப்படித்தான். அந்த நிலையில் நேராக ஏறினால் தொடையின் உள்பக்கத் தோல் கம்பத்தில் ஒட்டாமல் இழுபடும், எரியும். நீங்கள் அந்த முதல் ஏற்றத்தை வைத்து அன்றைய நாளையே எடை போட்டுவிட்டு இறங்கிவிடுகிறீர்கள். எனக்கும் முதல் ஏற்றம் எப்போதுமே அசிங்கமாகத்தான் இருக்கும். அதனால் அதைத் தள்ளிப்போடுவேன். தரையிலேயே பத்து நிமிடம், தோள், மணிக்கட்டு, இடுப்பு, தொடை எல்லாம் இளகி லேசாக வியர்க்கிற வரைக்கும். பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட துணியால் கம்பத்தை மேலிருந்து கீழாகத் துடைப்பேன். அப்புறம் ஒரு பாட்டு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு நடப்பது மட்டும்தான். கையை வழுக்கவிட்டு, முழங்காலை மாட்டிப் பார்த்து, முதுகைச் சாய்த்து. அந்தப் பாட்டு முடிவதற்குள் உள்ளங்கையில் ஒரு பிசுபிசுப்பு வந்திருக்கும், வியர்வைக்கும் வறட்சிக்கும் நடுவில் ஒரு ஒட்டுதல். அது வந்தபிறகு ஏறினால் அதே தொடை, அதே கம்பம், வேறு அனுபவம். அன்று காலையிலிருந்து கை கால்களில் கிரீமோ எண்ணெயோ தடவாமல் இருந்தால்தான் இதெல்லாம். தடவியிருந்தால் பேசாமல் ஓய்வெடுங்கள்.

சரி, சலிப்புக்கு வருவோம். "வரும்" என்று நீங்கள் சொல்லும் ஸ்பின்கள் எந்தப் பக்கம் வரும்? நான் பந்தயம் கட்டுவேன், ஒரு பக்கம்தான். வகுப்பில் ஆசிரியர் "இப்போது மறுபக்கம்" என்று சொல்லும்போது தண்ணீர் குடிக்கப் போகாதவர்கள் ரொம்பக் குறைவு. உங்களுக்கு ரொம்பவும் சுலபமான ஃபயர்மேன் ஸ்பின்னை (முழங்கால்களால் கம்பத்தைப் பிடித்துச் சுழலும் ஆரம்பப் பாடம்) எடுத்து மறுபக்கம் செய்து பாருங்கள். எந்தக் கை மேலே, எந்தக் கால் வெளியே வீசவேண்டும் என்றே மூளைக்குப் புரியாது. புத்தம் புதிதாகக் கற்கும் அந்தத் தடுமாற்றமும் சிரிப்பும் அப்படியே திரும்பி வரும், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஆபத்தில்லாமல். யாரும் பார்க்காததால் கேவலமாகச் செய்ய முழு உரிமையும் உண்டு. தனியாக இருப்பதில் இருக்கும் ஒரே பெரிய சலுகை அதுதான், அதை நீங்கள் பயன்படுத்தவே இல்லை.

அடுத்தது இணைப்புகள். ஒரு ஸ்பின் முடிந்து தரைக்கு வருகிறீர்கள், அங்கிருந்து எழுந்து அடுத்ததற்குப் போகிறீர்கள். நடுவில் என்ன நடக்கிறது? ஒரு பாட்டுக்கு ஆடுவதை வீடியோ எடுத்துப் பார்த்தால் தெரியும். இறங்கியதும் தலையைக் குனிந்து காலைத் தேடுவோம், கால்சட்டையை இழுத்துவிடுவோம், கையைத் துடைப்போம், பிறகு மறுபடி தொடங்குவோம். அந்த நாலைந்து நொடியை ஆட்டமாக்குவதற்கு வகுப்பில் நேரம் கிடைக்காது. வீட்டில் கிடைக்கும். எனக்குச் சவாலான வித்தைகளைவிட இதுதான் பிடித்திருக்கிறது, அதனால் கொஞ்சம் பாரபட்சமாகச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுடையது ஸ்பின் பயன்முறைக்கு, அதாவது கம்பமே சுழலும்படி, மாற்றக்கூடிய போல் என்றால் விளையாட இன்னொன்று இருக்கிறது. கம்பத்தில் உட்கார்ந்து சுழலும்போது கால்களை விரித்தால் வேகம் குறையும், உடம்பை ஒட்டி மடக்கினால் சட்டென்று கூடும். இயற்பியல் வகுப்பில் கோண உந்தம் என்று படித்தது. அந்த ஒரே நிலையில், காலை மட்டும் திறந்து மூடி, பாட்டின் தாளத்துக்கு வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். தலை சுற்றினால் கம்பத்தைப் பிடித்திருக்கும் உங்கள் கையையே பாருங்கள், அறையைப் பார்க்காதீர்கள்.

நிறைவாக ஒன்றைச் செய்தோம் என்ற உணர்வு வேண்டுமென்றால் போட்டிக்காரர்களிடமிருந்து ஒரு அளவுகோல் எடுத்துக்கொள்ளலாம். சர்வதேசப் போல் விளையாட்டுப் போட்டிகளில் ஒரு நிலையைக் குறைந்தது 2 நொடி அசையாமல் பிடித்தால்தான் அது கணக்கில் வரும். "எனக்கு வரும்" என்று நீங்கள் பட்டியலிட்டவற்றில் எத்தனை அந்த 2 நொடி நிற்கின்றன? பாத விரல் நீண்டு, முகம் இறுகாமல்? நிறைய வேலை கிடைக்கும்.

போன் கேமராவாக மட்டும் இருக்கட்டும். அறைக்குள் வரும்போதே இணையத்தை அணைத்துவிடுங்கள். அன்று என்ன பாட்டு, என்ன ஸ்பின் என்பதை முதல் நாளே ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிட்டால், கம்பத்தின் முன் நின்றுகொண்டு யோசிக்கும் அந்த வழுக்குப்பாறை இருக்காது. வீடியோ பார்ப்பதையே விடச் சொல்லவில்லை. ஆடி முடித்தபிறகு பாருங்கள். கைதட்டலுக்கு ஏங்குவதிலும் தப்பில்லை. வகுப்புத் தோழி ஒருத்தியிடம் பேசி, வாரம் ஒருநாள் ஒரே நேரத்தில் அவரவர் வீட்டில் வீடியோ அழைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடுங்கள். பேசக்கூட வேண்டாம்.

தினமும் ஒரு மணி நேரம் என்பதை இன்றோடு கைவிடுங்கள். ஒழுக்கம் குறைவதாக நினைக்கவேண்டாம், அந்தத் திட்டமே தப்பு. பிடியின் வேலை முன்கையிலும் முழங்கையின் உள்பக்கத் தசைநாரிலும் விழுகிறது. ஓய்வில்லாமல் ஏறிக்கொண்டே இருந்தால் அங்கே ஒரு வலி வந்து மாதக்கணக்கில் குடியிருக்கும், போல் ஆடுபவர்களிடையே அது சர்வசாதாரணம். வாரம் இரண்டு நாள், அதிகம் போனால் மூன்று, நாற்பது நிமிடம். பிடி தளர ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். இன்னும் ஒன்று ஆடலாமே என்று இருக்கும்போது நிறுத்தினால் அடுத்த முறை வருவதற்கு உங்களைக் கெஞ்சவேண்டியிருக்காது.

எப்போதாவது இன்வர்ட் செய்யத்தான் போகிறீர்கள், எனக்குத் தெரியும். வகுப்பில் உதவியில்லாமல் பலமுறை செய்ததை மட்டும் செய்யுங்கள், துள்ளி எம்பாமல். எப்படி வெளியே வருவது என்று தெரியாத நிலைக்குள் போகாதீர்கள். கீழே தடிமனான கிராஷ் மேட் (விழுந்தால் தாங்கும் மெத்தை), கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு ஆள், தரையில் விழுந்து கிடந்தாலும் கை எட்டும் இடத்தில் போன். போல் தரைக்கும் கூரைக்கும் நடுவே அழுத்தத்தில் நிற்கும் வகை என்றால், உத்தரத்துக்கோ உறுதியான காங்கிரீட்டுக்கோ நேர்கீழே நிற்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஆடுமுன் இரண்டு கையாலும் ஆட்டிப் பாருங்கள். அவ்வப்போது ரசமட்டம் வைத்து நேராக நிற்கிறதா என்று சோதித்து, தளர்ந்திருந்தால் இறுக்குங்கள்.

இனி விற்பது. மூன்று மாதம் இப்படி ஆடிப் பாருங்கள், புதிய வித்தை எதுவும் கற்காமல். அதற்குப் பிறகும் வகுப்பு நாளில் மட்டுமே உங்களுக்கு ஆடத் தோன்றினால், நீங்கள் கூட்டத்தோடு ஆடுகிறவர், அவ்வளவுதான். அப்போது விற்றுவிட்டு, அந்தப் பணத்தை வகுப்புக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விற்கும்போது விட்டத்தை மறக்காமல் குறிப்பிடுங்கள், வாங்குகிறவராவது பார்த்து வாங்கட்டும்.